14,166 என்னும் எண்: முதல் மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் விமானிகளின் பயிற்சி மரணங்களைக் குறித்து ஓர் ஆராய்ச்சி

முதல் மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படைகளில் உயிர் நீத்தோரைப் பற்றி எழுதப் புகுந்த ஆசிரியர்கள் பலர், யுத்தத்தில் மாண்ட விமானிகள் மொத்தம் 14,166 பேர் என்றும், அவர்களுள் 8,000 பேர் பகைவனின் முகத்தையே காணாமல் பிரிட்டனிலிருந்த பயிற்சி மைதானங்களில் மடிந்தனர் என்றும், ஏறக்குறைய ஒரே வாசகத்தில் கூறி வருகின்றனர். இந்தக் கூற்றுக்கு அவர்கள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் ஒன்றேதான். 1982-இல் டெனிஸ் வின்ட்டர் என்ற ஆங்கில ஆசிரியர் வெளியிட்ட 'தி ஃபர்ஸ்ட் ஆஃப் தி ஃபியூ' என்னும் நூலே அது. வின்ட்டர் இத்தொகைகளை யுத்த முடிவில் வெளியான அதிகாரபூர்வமான கணக்கு என்று குறிப்பிடுகிறார்; அவருக்குப் பின் வந்தோர், சில்லறை இலக்கம் வரை திட்டமாக நிற்கும் எண்ணில் சந்தேகத்துக்கு இடமிராது என்று கருதினார்கள் போலும், அதைப் பரிசோதியாமலே ஏற்றுக்கொண்டார்கள்.

வின்ட்டரின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சாமானிய விமானிகளின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் முதன்மையான சான்றுகளாகக் கொண்டு, வீரக் கதைகளின் பளபளப்பை விலக்கிவிட்டு, இருபது வயது நிரம்பாத இளைஞர்கள் எத்துணைப் பயத்தோடும் எத்துணைச் சொற்பமான பயிற்சியோடும் ஆகாயத்தில் ஏற்றப்பட்டார்கள் என்பதைக் காட்டிய பெருமை அவருக்கு உண்டு. இருபது மணி நேரத்துக்கும் குறைவாகவே விமானம் ஓட்டிப் பழகியவர்களைப் பிரான்சுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது என்பதும், 1917 ஏப்ரல் மாதத்தின் பேரிழப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் மறுக்க முடியாதவை. எனினும் அந்த அநீதியை நிலைநாட்ட அவர் கையாண்ட எண் நிற்காதது என்பதும், அதை அப்படியே நம்பியதால் பயிற்சியின் சரித்திரமே நம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் அதிகாரபூர்வமான அட்டவணையைப் பார்ப்போம். 1914 ஆகஸ்டு 4 முதல் 1918 நவம்பர் 11 வரை தரைப்படையின் விமானப் பிரிவான ராயல் ஃப்ளையிங் கோர், கடற்படையின் விமானப் பிரிவு, 1918 ஏப்ரல் 1-ஆம் தேதி அவ்விரண்டும் இணைந்து பிறந்த ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து, இறந்தோர் 6,166, காயமுற்றோர் 7,245, காணாமற்போனோர், சிறைப்பட்டோர், நடுநிலை நாடுகளில் தடுத்து வைக்கப்பட்டோர் ஆகியோர் 3,212, ஆக மொத்தம் 16,623 என்று அது கூறுகிறது. மூன்றாம் தொகுதியிலுள்ள ஒவ்வொருவரும் இறந்தே போனார் என்று வைத்துக்கொண்டாலும், அவர்களிற் பலர் சிறையிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் என்பதை மறந்துவிட்டாலும், இறந்தோர் தொகை 9,378-க்கு மேற் போகாது. அப்படியானால் 14,166 எங்கிருந்து வந்தது?

இவ்விடத்தில்தான் என் கவனத்தை ஈர்த்த செய்தி ஒன்று இருக்கிறது. 14,166-இலிருந்து 8,000-த்தைக் கழித்தால் எஞ்சுவது 6,166; அட்டவணையில் இறந்தோர் என்று காணும் தொகையும் ஓர் இலக்கங்கூடப் பிசகாமல் அதுவே. இது தற்செயலான ஒற்றுமையாக இருக்க முடியாது. யாரோ ஒருவர், வின்ட்டரோ அல்லது அவர் பின்பற்றிய வேறு எவரோ, அட்டவணையின் 6,166-ஐ யுத்தகளத்தில் மாண்டோர் தொகையென்று கொண்டு, பயிற்சியில் மாண்டோர் என்று தாம் வேறெங்கோ கேட்ட 8,000-த்தை அதன்மேல் ஏற்றிக் கூட்டியிருக்கிறார் என்பதே என் அநுமானம். ஏட்டுப் பிரதியில் ஓரக் குறிப்பாக இருந்தது அடுத்த பிரதியில் மூலத்தோடு கலந்துவிடுவதைப் போல, கூட்டிப் பெற்ற தொகை பிற்காலத்தில் அதிகாரபூர்வமான மூலமாகவே வாசிக்கப்பட்டுவிட்டது. 14,166 என்ற எண்ணின் திட்பமெல்லாம் 6,166-லிருந்து கடனாகப் பெற்றது. மீதி எண்ணாயிரமோ மூன்று பூஜ்யங்களைத் தாங்கி நிற்கும் மதிப்பீடு மாத்திரமே.

வின்ட்டர் தரப்பில் நின்று ஒருவர் ஆக்ஷேபம் எழுப்பலாம். அட்டவணை யுத்தகளத்து மரணங்களை மட்டுமே கூறுவதாக இருக்கலாம். தாய்நாட்டிற் பயிற்சியில் இறந்தோர் அதில் சேராதிருக்கலாம். ஆகவே கூட்டல் நியாயமே என்பார் அவர். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. அட்டவணையின் 6,166 பேரில் 4,579 பேர் அதிகாரிகள், 1,587 பேர் மற்ற நிலையினர். அதிகாரிகளிலும் விமானத்தில் உடன் சென்று வேவு பார்த்தவர்கள் அநேகர். மற்ற நிலையினரிலோ யந்திரக்காரர்களும் விமானத் துப்பாக்கிக்காரர்களும் மிகுதி. கூட்டல் சரியே என்றாலுங்கூட, விளைந்த தொகையை 'விமானிகள்' என்று அழைக்க எவ்விதப் பிரமாணமும் இல்லை.

இரண்டாவது விடை இன்னும் வலுவுள்ளது. யுத்தகாலம் முழுவதிலும் பிரிட்டிஷ் படைகள் பயிற்றுவித்த விமானிகள் ஏறத்தாழ 22,000 பேர். அவர்களில் 14,166 பேர் இறந்திருந்தால் மிஞ்சியவர் எண்ணாயிரத்துக்கும் குறைவு. அதே அட்டவணைப்படி காயமுற்ற அதிகாரிகள் 5,369. காணாமற்போன அல்லது சிறைப்பட்ட அதிகாரிகள் 2,794. இவர்களில் விமானி அல்லாதாரும் உண்டு, காயம் ஆறித் திரும்பினவரும் உண்டு, தேர்ச்சி பெறுமுன் இறந்த மாணாக்கர் அந்த 22,000-த்தில் சேராமலும் இருக்கலாம் ஆகையால், நேராகக் கழித்துப் பார்ப்பது முறையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், போர்நிறுத்த நாளில் 27,333 அதிகாரிகளோடும் 22,647 விமானங்களோடும் உலகத்திலேயே பெரிய விமானப் படையாக நின்ற ஒரு சேனை, தன் விமானிகளில் மூவரில் இருவரைப் புதைத்துவிட்டு அவ்வாறு நின்றது என்று நம்புவது அரிது.

எண்ணாயிரம் முதன்முதலில் எப்பொழுது, எவர் வாயில் பிறந்தது என்பது இன்னும் தீராத வினா. தாய்நாட்டுப் பயிற்சி நிலையங்களில் இறந்தோரும் காயமுற்றோரும் சேர்ந்த ஒரு தொகை, இறந்தோர் தொகையாகப் பிழைபட வாசிக்கப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முறிந்த விமானத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் அக்காலத்தில் அநேகர். மெதுவாகப் பறந்த அந்த மர விமானங்களில் ஒரு மரணத்துக்குப் பல காயங்கள் என்பதே இயல்பு. இதை நிரூபிக்க வேண்டிய ஏடு என் கையில் இல்லாவிடினும், எண்ணாயிரம் மரணங்கள் என்பதைவிட இந்த விளக்கமே அட்டவணையோடு பொருந்துகிறது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எண்ணைக் காட்டிலும் பெரிய பிழை ஒன்று வின்ட்டரின் பாகுபாட்டில் இருக்கிறது. யுத்தகளத்து மரணம், பயிற்சி மரணம் என்னும் இரண்டே அறைகளில் எல்லோரையும் அடைத்துவிட முடியும் என்று அது கருதுகிறது. விமானிகளான மக்கட்டன் குடும்பத்துச் சகோதரர் மூவரின் முடிவைப் பார்த்தால் இது தவறென்று விளங்கும். மூத்தவர் வில்லியம் 1915 மே மாதத்தில் காஸ்போர்ட்டில் விமான விபத்தில் இறந்தார். இளையவர் ஜான் அந்தோணி 1918 மார்ச் 18-இல் பிரான்சின்மேல் நிகழ்ந்த ஆகாயச் சண்டையில் மாண்டார். இவ்விருவருக்கும் இடைப்பட்டவரான ஜேம்ஸ், 57 பகை விமானங்களை வீழ்த்தியவர் என்று கணக்கிடப்பட்டு விக்டோரியா சிலுவை பெற்றவர். 60-ஆவது ஸ்குவாட்ரனின் தலைமையை ஏற்கப் போகும் வழியில், 1918 ஜூலை 9-ஆம் தேதி, ஓஸி-லெ-ஷாட்டோ என்னுமிடத்தில் தரையைவிட்டு எழும்பிய சிறிது நேரத்தில் எஞ்சின் கோளாறினால் விழுந்து, 23-ஆம் வயதில் உயிரிழந்தார். அவரைச் சுட்டவர் எவருமில்லை. அவர் பயிற்சி பெறும் மாணாக்கரும் அல்லர். அவரை எந்த அறையில் வைப்பது? ரோந்து முடித்துத் திரும்புகையில் பனிமூட்டத்தில் மோதியவர்களும், கடலின்மேல் காவல் சுற்றுகையில் எஞ்சின் நின்று மூழ்கியவர்களும் இந்த மூன்றாம் இனத்தைச் சேர்ந்தவர்களே.

'பிரிட்டனில்' என்ற எல்லைக்கோடும் இவ்வாறே தடுமாறுகிறது. கனடாவிலும் எகிப்திலும், 1917-18 குளிர்காலத்தில் டெக்சாஸிலும் ராயல் ஃப்ளையிங் கோர் பயிற்சிப் பள்ளிகளை நடத்தியது. நாட்டியக் கலைஞராகப் புகழ்பெற்று, பிரான்சில் போர்விமானியாகப் பணியாற்றித் தப்பிய வெர்னன் காசில், 1918 பிப்ரவரி 15-ஆம் தேதி டெக்சாஸின் பென்புருக் மைதானத்தில், எதிர்ப்பட்ட விமானமொன்றோடு மோதாமல் விலக முயன்று விழுந்து இறந்தார். உடனிருந்த மாணாக்கர் பிழைத்தார். பிரிட்டனை மட்டும் கணக்கிட்டால் இத்தகையோர் விடுபட்டுப் போவர்.

இனிப் பயிற்சியின் சரித்திரத்துக்கு வருவோம். யுத்தத்தின் முற்பாதியில் மாணாக்கனுக்குக் கற்றுக் கொடுத்தது, நேராகப் பறப்பதும், மெல்லத் திரும்புவதும், இறங்குவதும் மாத்திரமே. விமானம் சுழன்று வீழும் நிலையைப் பற்றி ஆசிரியர்களே அஞ்சினர். அதிலிருந்து மீளும் வழியைத் தெளிவாக அறிந்தோர் சிலரே. யுத்தம் தொடங்கிய பதினைந்தாம் நாளே, 1914 ஆகஸ்டு 18-இல், பிரான்சில் விமானம் விழுந்து இரு கால்களும் முறிந்த ராபர்ட் ஸ்மித்-பாரி என்பவர், பிற்காலத்தில் காஸ்போர்ட் பயிற்சி நிலையத்தின் தலைமையை ஏற்று இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். விமானியின் ஆசனத்தில் மாணாக்கனையே அமர்த்தி, இரட்டைக் கட்டுப்பாடுள்ள ஆவ்ரோ 504 விமானத்தில், பேச்சுக் குழாய் வழியே ஆசிரியர் குரல் கொடுக்க, எந்த நிலைகளைக் கண்டு முன்னோர் மாணாக்கரை விலக்கி வைத்தார்களோ அந்த நிலைகளுக்குள்ளேயே வேண்டுமென்று அவனைக் கொண்டுசென்று மீட்கக் கற்பித்தார். 1917 ஆகஸ்டில் அவருடைய நிலையம் விசேஷப் பறத்தற் பள்ளி என்று பெயர் பெற்றது. அங்கே தேர்ந்த ஆசிரியர்கள் மற்றப் பள்ளிகளுக்குப் பரவினார்கள்.

இந்தச் சீர்திருத்தம் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை, நான்கு ஆண்டுகளையும் ஒன்றாகக் குவித்த ஒரு தொகையைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது. 1915-ஐ விட 1918-இல் மாணாக்கர் பன்மடங்கு பெருகினர். ஆகவே ஒவ்வொரு மணி நேரப் பறப்புக்கும் ஏற்பட்ட அபாயம் குறைந்திருந்தாலும், மாண்டோர் தொகை கூடியே தோன்றும். அதைக் கண்டு பயிற்சி கெட்டுவிட்டது என்று ஒருவரும், பாராமல் சீர்பட்டுவிட்டது என்று மற்றொருவரும் வாதாடலாம். ஆண்டு பிரித்த கணக்கு இல்லாமல் இருவருக்கும் விடை கிடையாது. ஸ்மித்-பாரியின் இந்தக் காஸ்போர்ட் முறை எந்த மாதத்தில் எந்தப் பள்ளியில் உண்மையாக நடைமுறைக்கு வந்தது என்பதையும் ஒரே தேதியில் நிறுத்திவிட இயலவில்லை. உத்தரவு பிறந்த நாளும், உத்தரவை நம்பாத பழைய ஆசிரியர் அதற்கு இணங்கிய நாளும் வெவ்வேறு. ஆகவே, பள்ளிவாரியாகவும் மாதவாரியாகவும் மரணங்களைப் பிரித்து, அவற்றை அந்தந்தப் பள்ளி பறந்த மணிகளோடு ஒப்பிடுவதே இனி ஆராய்ச்சியாளர் செய்ய வேண்டிய வேலை. அக்கணக்கில், காஸ்போர்ட்டிலிருந்து வந்த ஆசிரியர் பணியேற்ற தேதி தெரிந்த பள்ளிகளை முதலில் எடுத்துக்கொள்வது நலம்.