தம்பியின் டைப்ரைட்டருக்கு வயது என்ன?



என் வீட்டு முன்னறையில் பழைய எலக்ட்ரானிக் டைப்ரைட்டர்கள் மூன்று சேர்ந்துவிட்டன. மூன்றாவது, காலஞ்சென்ற என் தம்பியுடையது. ஜாப் டைப்பிங் செய்வதற்காக 1990 பொங்கல் கழிந்த வாரம் கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் வாங்கினான். "ஒரு வருஷம்தான் ஓடியிருக்கு" என்றார் விற்றவர். "பத்து வருஷப் பழசை உன் தலையில் கட்டிட்டான்" என்றோம் வீட்டார். நானும்தான் சொன்னேன்.

கொஞ்சம் வரலாறு. 1961-இல் ஐ.பி.எம். செலெக்ட்ரிக் வந்தது. எழுத்துக் கம்பிகளுக்குப் பதிலாக கோல்ஃப் பந்து அளவில் ஓர் உருண்டை. அதன்மேல் எல்லா எழுத்துகளும். மின்சாரத்தில் ஓடினாலும் உள்ளே எல்லாம் நெம்புகோல்களே. 1970-களில் 'டெய்சி வீல்' வந்தது. பூவைப் போன்ற சக்கரம், ஒவ்வோர் இதழ் நுனியிலும் ஓர் எழுத்து. உரிய எழுத்து மேலே வந்ததும் சிறு சுத்தியல் தட்டும். 1978-இல் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் ஈ.டி. 101-ஐ வெளியிட்டது. எந்த இதழ் எப்போது வர வேண்டும் என்பதைச் சிப்புகள் பார்த்துக்கொண்டன.

அந்தச் சிப்புகள்தாம் வயதையும் சொல்லும். டிவி மெக்கானிக்காக இருக்கும் என் மாணவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினார். பல சிப்புகளின் மேல் நான்கு இலக்கங்கள் தனியாக இருக்கும். முதல் இரண்டு ஆண்டு. அடுத்த இரண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. தம்பியின் பொறியில் 8829, 8831, 8836.

புதையல் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காசுகளில் கடைசியாக அடித்தது எதுவோ, அதற்கு முன் பானையைப் புதைத்திருக்க முடியாது. அதேபோல் 8836 இருக்கும் பொறி 1988 செப்டம்பருக்கு முன் உருவாகியிருக்காது. ஒரு சிப் மட்டும் புதிதென்றால், பிறகு மாற்றியது எனலாம். இதிலோ எல்லாமே 1988. பற்றவைப்பிலும் கைபட்ட தடம் இல்லை.

ஆக, தம்பி வாங்கியபோது அதற்கு ஒன்றரை வயதுகூட இல்லை. அவன் ஏமாறவில்லை. தொழில் படுத்தது பொறி பழசானதால் அல்ல, தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வந்ததால்.

நேற்று அவன் மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா இருக்கும்போதே திறந்து பார்த்திருக்கலாமே பெரியப்பா" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று அவனைக் கேலி செய்த சொந்தங்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். முதல் ஆள் நான்.