ஆதி ஒளி பகரும் சான்று

வானத்துப் பொருள்களை அவை வீசும் ஒளிகொண்டு அறிதலே வானநூலாரின் நெடுங்கால வழக்கு. ஒளியை வீசாததும் தடுக்காததுமான ஒரு பொருளை அறிதல் எங்ஙனம்? இருபதாம் நூற்றாண்டில் எழுந்த இவ்வினாவுக்குப் பேரண்டத்தின் மிகப் பழைய ஒளியே சான்றாக வந்தமை விஞ்ஞான வரலாற்றிற் சிந்திக்கத்தக்கதொரு நிகழ்ச்சியாகும்.

1933ஆம் ஆண்டிலே, கலிபோர்ணியாவிற் பணிபுரிந்த சுவிற்சர்லாந்து அறிஞர் பிறிற்ஸ் சுவிக்கி, கோமா என்னும் நட்சத்திரமண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அம்மண்டலங்கள் விரையும் வேகத்தை நோக்குமிடத்து, புலனாகும் பொருளின் ஈர்ப்பு மாத்திரம் அவற்றைப் பிணித்துவைக்கப் போதாது. ஆகவே, புலனாகாத கரும்பொருள் உண்டென அவர் கருதினார். 1970இல் வேரா ரூபினும் கென்ற் போட்டும் அந்திரொமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்ட முடிபுகள் அக்கருத்துக்குப் பின்னர் வலுவூட்டின.

இதற்கிடையில், பேரண்டம் வெப்பமிக்க நிலையிலிருந்து விரிந்ததாயின் அவ்வெப்பத்தின் எச்சம் இன்றும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்று 1948இல் அல்பரும் ஹேர்மனும் கணித்தனர். 1964இல் நியூ ஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்திற் பென்சியாசும் வில்சனும் தம் அலைவாங்கியில் ஓயாத இரைச்சலொன்றைக் கண்டனர். அதனுட் கூடுகட்டிய புறாக்களை அகற்றி, எச்சத்தைத் துடைத்தும் இரைச்சல் நீங்கவில்லை. அதுவே ஆதி வெப்பத்தின் எச்சமென்பதைப் பிறின்ஸ்ரன் பேராசிரியர் டிக்கியும் அவர் குழுவினரும் 1965இல் விளக்கினர்.

அவ்வொளி கரும்பொருளைப்பற்றி உரைப்பது யாது? பேரண்டம் தோன்றி ஏறக்குறைய 380,000 ஆண்டுகள்வரை ஒளியும் இலத்திரன்களும் புரோத்தன்களும் பிணைந்து கிடந்தன. ஈர்ப்பு உள்ளிழுக்க, ஒளியின் அமுக்கம் வெளியே தள்ள, அக்கலவை ஒலியலைபோல் அதிர்ந்தது. கரும்பொருளோ அவ்வமுக்கத்துக்கு ஆட்படாது, ஈர்ப்பினாலே திரண்டது. இவற்றின் சுவடுகள், ஆதி ஒளியின் வெப்பநிலையில் நூறாயிரத்தில் ஒரு பங்கு அளவான வேறுபாடுகளாகப் பதிந்துள்ளன. அவ்வேறுபாடுகளைக் கோப் செய்மதி கண்டமை 1992இல் அறிவிக்கப்பட்டது. 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செய்மதி அவற்றை நுணுகி அளந்தது. பேரண்டத்திற் சாதாரண பொருள் நூற்றுக்கு 5 பங்கும் கரும்பொருள் 26 பங்கும் வரையில் உள்ளன என்பது 2018இல் வெளியான அதன் முடிபு.

அளவை அறிந்தோர் இயல்பையும் அறிய விழைந்தனர். கரும்பொருள் புரோத்தன்களோடு மோதியிருப்பின், அதிரும் கலவை அதனையும் உடன் இழுத்திருக்கும். நுண்ணிய வேறுபாடுகள் மங்கியிருக்கும். இதனைச் சென், ஹனெஸ்ராட், ஷெரர் ஆகிய மூவரும் 2002இல் ஆராய்ந்தனர். கரும்பொருட்டுணிக்கைகள் ஒன்றையொன்று அழித்திருப்பின், வெளிப்பட்ட சத்தி ஐதரசன் அணுக்களைச் சிதைத்து இலத்திரன்களை விடுவித்திருக்கும். அவை ஆதி ஒளியைச் சிதறச் செய்திருக்கும். பிளாங்க் அளவீடுகளில் இவ்விருவகைச் சுவடும் காணப்படவில்லை.

இதனைத் தோல்வியெனல் பொருந்தாது. சுவடு இன்மையே மோதலும் அழிவும் எவ்வளவுக்கு மேற்படலாகாது என எல்லை வகுத்தது. பல கொள்கைகள் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டனவாய் நீக்கப்பட்டன. கரும்பொருள் இன்னதெனத் துணியப்படவில்லையாயினும், இன்னதன்று எனத் துணிதற்கு ஆதி ஒளி துணைநின்றது. அன்று நீங்காத இரைச்சலைப் புறக்கணியாது ஆராய்ந்ததனால் ஒரு பேருண்மை வெளிப்பட்டது. இன்று காணப்படாத சுவட்டையும் அத்தகைய பொறுமையோடு அளந்தறிதலே ஆராய்ச்சியாளர் கடன்.