மருத்துவிச்சியிலிருந்து மருத்துவமாது வரை: இலங்கையில் வீட்டுப் பிரசவத்தின் வரலாறு

ஒரு நாட்டின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் ஆட்சி, நிலவுடைமை, வாணிகம், கல்வி என்பவற்றையே பெரும்பாலும் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்வர். அந்நாட்டு மக்கள் எங்கே, எவர் கையிற் பிறந்தனர் என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. இலங்கையைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குரிய விடை ஒரு நூற்றாண்டுக்குள் முற்றாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகப் பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே பிறந்தன. 2016ஆம் ஆண்டளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை வைத்தியசாலையிற் பிறந்தன. இவ்விரு நிலைகளுக்குமிடையே, பயிற்றப்பட்ட மருத்துவமாது வீடு தேடிச் சென்று, முன்கூட்டியே திட்டமிடப்பட்ட பிரசவத்தை நடத்திய ஓர் இடைக்காலம் உண்டு. தாய்மாரின் உயிரிழப்புப் பெரிதும் குறையத் தொடங்கியது அவ்விடைக்காலத்திலேயே. ஆதலின் அது தனித்து நோக்கத்தக்கது.

பழைய முறையின் நடுநாயகமாக விளங்கியவள் மருத்துவிச்சி. யாழ்ப்பாணத்துப் பல ஊர்களில் இத்தொழில் குடிமைத் தொழில் புரிந்த குடும்பங்களின் பெண்களிடமே வழிவழியாக இருந்துவந்தது. எழுத்தறிவு இல்லாதிருப்பினும் கையறிவு மிக்கவர்கள் அவர்கள். குழந்தையை வாழ்த்தி அவர்கள் பாடிய பாடல்கள் ஈழத்து நாட்டார் பாடல்களுள் 'மருத்துவிச்சி வாழ்த்து' எனத் தனி வகையாக இடம்பெறுவது, சமூகம் அவர்களுக்கு அளித்த இடத்தைக் காட்டும். ஆயினும் அவ்விடம் முரண்பாடு பொருந்தியது. பிள்ளைப்பேறு துடக்கெனக் கருதப்பட்டது. முப்பத்தொராம் நாளிலேயே துடக்குக் கழிவு நிகழ்ந்தது. துடக்கான வேளையில் தாயைத் தொட்டு உதவியவள், மற்றை நாட்களில் அதே வீட்டின் உள்ளே நுழைய இயலாதவளாயிருந்தாள். உயிரைக் காப்பதற்கு இன்றியமையாதவளாகவும் சாதிப் படிநிலையில் தாழ்த்தப்பட்டவளாகவும் அவள் ஒருங்கே விளங்கினாள்.

மேலைநாட்டு மகப்பேற்று மருத்துவம் தமிழில் நுழைந்தது ஏட்டின் வழியாகவே எனலாம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியப் பணியாற்றினார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அவர் மொழிபெயர்த்த நூல்களுள் 'பிரசவ வைத்தியம்' என்பதும் ஒன்று. அது 1857இல் வெளிவந்தது. அவர் யாழ்ப்பாணம் வந்த அதே ஆண்டில் வியன்னாவில் செம்மெல்வைஸ் என்னும் வைத்தியர், கைகழுவுதலால் பிரசவச் சுரத்தைத் தடுக்கலாம் எனக் கண்டார். எனினும் அக்கருத்தை மருத்துவ உலகம் ஏற்க நெடுங்காலமாயிற்று. கிருமி பற்றிய அறிவு பரவுமுன்னரே தமிழ் பெற்ற நூல் இதுவாகும். மேலும், கிறீனிடம் பயின்றோர் ஆடவர். பிரசவ அறைக்குள் இருந்தோரோ அந்நூலைப் படிக்க இயலாத பெண்கள். நூலறிவும் கையறிவும் சந்திக்க வாய்ப்பில்லாது போயின.

அடுத்த கட்டம் மகப்பேற்று மனைகளின் தோற்றமாகும். கொழும்பில் 1879இல் டீ சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1898இல் இணுவிலில் மிஷன் சார்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியோட் வைத்தியசாலை நிறுவப்பட்டது. இவை மருத்துவமாதரைப் பயிற்றுவதற்கும் களமமைத்தன. ஆயினும் நோவெடுத்த பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்லவேண்டிய காலத்தில், ஒரு நகரத்து மனையினால் நாட்டுப்புறத்தாருக்கு விளைந்த பயன் சிறிதே.

திருப்பம் 1926இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு றொக்பெலர் நிறுவனத்தின் உதவியுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. நோயாளியை வைத்தியசாலைக்கு வரச்செய்வதற்குப் பதிலாகச் சுகாதார சேவையை ஊருக்குள் கொண்டுசெல்வதே அதன் அடிப்படை நோக்கம். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவமாதரைப் பதிவுசெய்வதற்கு வழிவகுத்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபின், கிராமத்து வாக்காளரை நாடிய அரசியல்வாதிகள் சுகாதார நிலையங்களைக் கோரிப் பெறலாயினர். இவ்வாறு சுகாதாரப் பிரிவுகள் நாடெங்கும் பெருகின.

இம்முறையில் பிரசவம் என்பது தற்செயலாக எதிர்கொள்ளப்படும் நிகழ்ச்சியாக அன்றித் திட்டமிடப்படும் செயலாயிற்று. மருத்துவமாது தனது பகுதியிலுள்ள வீடுகளுக்குச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவேட்டிற் பதிந்தாள், சிறுநீரைச் சோதித்தாள், கால்வீக்கம் உண்டா, குழந்தை கிடக்கும் நிலை யாது என நோக்கினாள். முன்னைய பேறுகளில் இடர்ப்பட்டோர், பல பிள்ளைகளைப் பெற்றோர், உடல் மெலிந்தோர் முதலியோரை வைத்தியசாலைக்கு அனுப்பினாள். ஏனையோர் வீட்டிலேயே பெறுவதற்கு ஆயத்தஞ் செய்தாள். காற்றோட்டமுள்ள அறை எது, வெயிலிற் காயவைத்த துணிகள் எத்தனை, வெந்நீர் கொதிக்கவைப்பவர் யார், இடர் நேரின் வண்டி எங்கே கிடைக்கும் என்பனவெல்லாம் நோவெடுக்குமுன்னரே முடிவாயின. பிரசவத்தின் பின்னும் அவள் தொடர்ந்து வந்து தாயையும் சேயையும் பார்த்தாள். அரச சம்பளமும் சான்றிதழும் பெற்றமையால், பிறந்த குடியை நோக்காது எவ்வீட்டுப் படலையையும் திறந்து உட்செல்லும் உரிமை அவளுக்குப் படிப்படியாகக் கிடைத்தது. இது மருத்துவ மாற்றம் மட்டுமன்றிச் சமூக மாற்றமுமாகும்.

விளைவைப் புள்ளிவிவரங்கள் உணர்த்தும். 1930களின் முற்பகுதியில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1940களின் முற்பகுதியில் இத்தொகை ஏறத்தாழ 1,650 ஆயிற்று. 1950களின் முற்பகுதியில் 500 அளவுக்கு இறங்கியது. இவ்வீழ்ச்சிக்கு மலேரியா ஒழிப்பே காரணம் என்பாரும் உளர். 1946இன் பின் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டமையும், மலேரியா கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கும் நோயாதலும் உண்மையே. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் குருதியேற்றலும் ஆற்றிய பங்கையும் மறுத்தல் இயலாது. எனினும் டீ.டீ.ரீ. வருமுன்னரே வீழ்ச்சி தொடங்கிவிட்டது என்பதும், மருந்து எதுவாயினும் அதை வேண்டிநிற்பவளை உரிய வேளையிற் கண்டறிந்து அனுப்பியவள் மருத்துவமாதே என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

இச்சேவை யாவரையும் ஒப்ப அடைந்ததெனக் கூறமுடியாது. மலையகத் தோட்டங்களின் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளப் பெண்ணுக்குச் சில உரிமைகளை வழங்கியபோதும், லயன் அறையின் நெருக்கடியும் போசாக்கின்மையும் மாறவில்லை. 1970களின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டப் பகுதிகளின் சிசு மரணம் நாட்டுச் சராசரியை விட மிகவும் உயர்ந்திருந்தமை இதற்குச் சான்று. மருத்துவமாதின் வருகை எங்கு தாமதித்ததோ அங்கு மரணமும் தங்கி நின்றது.

இலவச மருத்துவமும் வீதிகளும் பெருகப் பெருக வீட்டுப் பிரசவம் அருகியது. மருத்துவமாது குடும்பநல உத்தியோகத்தர் எனப் பெயர் பெற்றாள். பிரசவம் பார்ப்பதிலும் கர்ப்பிணிகளைப் பராமரித்தல், தடுப்பூசி, போசாக்கு, குடும்பத்திட்டம் என்பனவே அவளது முதன்மைப் பணிகளாயின. 2010களில் தாய் மரணம் இலட்சத்துக்கு நாற்பதிலுங் குறைந்தது. இது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. பிரசவிப்பவளுக்குப் பழகிய முகமும் சொந்த வீடும் தந்த ஆறுதல் குறைந்துபோனமை இதற்குக் கொடுத்த விலையாகும்.

வீட்டுப் பிரசவத்தைப் பழம்பெருமையாகப் போற்றுவோரும் பழைமையின் அறியாமையென இகழ்வோரும் ஒருங்கே மறப்பது அந்த இடைக்காலத்தையே. வீட்டில் நிகழ்ந்தமையால் மட்டும் பிரசவம் ஆபத்தானதாகவில்லை. துணையின்றியும் திட்டமின்றியும் நிகழ்ந்தமையாலேயே ஆபத்தாயிற்று. கட்டடங்கள் பெருகுமுன்னர் இந்நாட்டுத் தாய்மாரைக் காத்தது, பதிவேடும் கைப்பையும் ஏந்தி ஒழுங்கைகளிலும் வயல்வரம்புகளிலும் நடந்த பெண்களின் உழைப்பு. அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் எவ்வரலாற்று நூலிலும் இல்லை. அவர்களது பதிவேடுகளைத் தேடிப் பேணுதலும், முதியோரின் நினைவில் எஞ்சியிருப்பனவற்றைத் தொகுத்தலும் இனிவரும் ஆய்வாளர் கடனாகும்.