பொருநையாற்றுக் கெண்டை

எங்கள் விஸ்வநத்தம் வானம் பார்த்த பூமி. மழைக்காலத்தில் நிறையும் கண்மாய் கோடையில் வற்றத் தொடங்கியதும், சிறுவர்களாகிய நாங்கள் துண்டை விரித்து மீன் பிடிப்போம். விரலளவு மீன் எதுவாயினும் எங்களுக்குக் கெண்டைக் குஞ்சுதான். அதற்குமேல் வேறுபாடு காண நாங்கள் முயன்றதில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின் பாபநாசம் சென்றிருந்தபோது, தாமிரபரணியின் தெளிந்த நீரில், பாறை இடுக்குகளில் நீந்திய சிறு மீன்களைக் கண்டேன். உடலில் கரும் பட்டைகள். சிலவற்றின் முதுகுத் துடுப்பிலிருந்து மெல்லிய இழைகள் நீண்டு அலைந்தன. இழை நீண்டவை வளர்ந்த ஆண் மீன்கள் என்றும், இவ்வினம் பொருநைக்கே உரியது என்றும் உடன் வந்த நண்பர் விளக்கினார். அன்று முதல் அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் என்பார், தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி 1849-இல் எழுதினார். காவிரியில் கிடைத்த ஒரு கெண்டையை அவர் அதில் விவரித்திருக்கிறார். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1950-களில், ஈ. ஜி. சைலஸ் என்னும் அறிஞர் பொருநை மீனை ஆராய்ந்து, அது காவிரி மீனினின்று வேறுபடுவதைக் காட்டினார். ஆயினும் அதனை அம்மீனின் துணையினமாகவே வைத்து, பொருநையின் பெயரையே அதற்குச் சூட்டினார். பின்வந்தோர் அதனைத் தனி இனமாக ஏற்றனர். 2012-இல் இலங்கை அறிஞர் ரோஹன் பெத்தியகொடவும் அவருடைய துணைவர்களும் இழைத்துடுப்புக் கெண்டைகளைப் பிரித்து, ‘டாக்கின்சியா’ என்ற புதிய பேரினத்தில் அமைத்தனர். பொருநை மீன் இன்று ‘டாக்கின்சியா தம்பரபர்னியை’ எனப்படுகிறது. இலங்கையின் நக்கிள்ஸ் மலை ஓடைகளிலும் இதன் உறவினம் ஒன்று வாழ்கிறது.

பெயர் மாறுவதால் மீனுக்கு என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். காவிரி மீனின் ஒரு வகையே இது எனக் கொண்டால், பொருநையில் அது அழிந்தாலும் காவிரியில் இருக்கிறதே என்று நாம் ஆறுதல் அடைந்துவிடுவோம். தனி இனம் என்று தெளிந்த பிறகு அந்த ஆறுதலுக்கு இடமில்லை. இங்கே அழிந்தால் உலகெங்கும் அழிந்ததாகும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனங்களுள் சேர்த்திருக்கிறது.

ஆற்று மணலை அள்ளுதல், கழிவுநீர் கலத்தல், அழகு மீனாக விற்கப் பிடித்தல் ஆகியவை இத்தகைய மீன்களை வருத்துகின்றன. ஆற்றின் தலைப்பகுதி, 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் இருப்பது ஓரளவு காவலே. ஆனால் காட்டை விட்டு ஊர்களுக்குள் இறங்கும் ஆற்றுக்கு அக்காவல் இல்லை.

வெடிமருந்துத் தொழிலால் வாழும் ஊரில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. மலையாறுகளில் தோட்டா வெடித்து மீன் பிடிக்கும் கொடுமை நெடுங்காலமாக உள்ளது. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே அதனைத் தடை செய்தது. அந்த வெடிப்பில் பெரிய மீன் மட்டுமா மடிகிறது? விலைக்கு உதவாத சிறு மீனும், அதன் குஞ்சும் சேர்ந்தே மடிகின்றன. திருநாளில் வானத்தில் மலரும் பொருட்டு எங்கள் ஊரார் மருந்தை இடிக்கின்றனர். ஆற்று நீரில் அதற்கு வேலையில்லை.

எங்கள் கண்மாயில் நான் பிடித்த மீன்கள் எத்தனை இனத்தவை என்பதை இன்றும் நான் அறியேன். பொருநையின் இந்தச் சிறு மீனுக்கோ பெயரும் வரலாறும் கிடைத்துவிட்டன. அது வாழ ஆறும் நிலைக்க வேண்டும்.