உரத்திற்கு வரி விதித்த சுவீடன்

உரத்திற்கு அரசாங்கம் மானியம் கொடுப்பது மலேசிய நெல் விவசாயிகளுக்குப் பழக்கமான ஒன்று. அதே உரத்திற்கு வரி விதித்த நாடுகளும் உண்டு என்றால் வியப்பாகத்தான் இருக்கும். பின்லாந்து 1976-லும், சுவீடன் 1984-லும், ஆஸ்திரியா 1986-லும் அந்தத் துணிச்சலான காரியத்தைச் செய்தன.

சுவீடனில் அதற்குக் காரணம் தண்ணீர். பயிர் உறிஞ்சியது போக மிஞ்சும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மழைநீரோடு ஆற்றில் இறங்கிக் கடலைச் சேர்கின்றன. அங்கே பாசி பெருகுகிறது. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. தென்மேற்குச் சுவீடனின் லாஹோல்ம் விரிகுடாவில் 1980-களில் இந்த அவலம் மக்களின் கண்ணெதிரே நடந்தது.

வரி பலன் தந்ததா? கிலோ நைட்ரஜனுக்கு 1.80 குரோனா வரை அது உயர்ந்தது. ஆனால் உரத்தால் கூடும் விளைச்சலின் மதிப்புக்கு முன்னால் அது சிறு தொகை. எந்த விவசாயி கையைச் சுருக்குவார்? உரப் பயன்பாடு ஓரளவே குறைந்தது. மாட்டுப் பண்ணைக் கழிவுக்கோ வரியே இல்லை.

உண்மையில் சாதித்தது, அதிகம் பேசப்படாத இன்னொரு வரி. பாஸ்பேட் பாறையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கிறது. அது மண்ணிலிருந்து தானியத்திற்கும், தானியத்திலிருந்து மனிதரின் சிறுநீரகத்திற்கும் போய்த் தங்கிவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களின் எலும்புகளை நொறுக்கிய 'இத்தாய்-இத்தாய்' நோய், சுரங்கக் கழிவிலிருந்து வந்த இதே காட்மியத்தால்தான் ஏற்பட்டது.

ஒரு டன் பாஸ்பரசில் 5 கிராமுக்கு மேல் காட்மியம் இருந்தால், கூடுதலான ஒவ்வொரு கிராமுக்கும் 30 குரோனா வரி என்றது சுவீடன். இங்கே விவசாயி உரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. உர நிறுவனம் பாறையை மாற்றினால் போதும். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்துப் பாறையில் காட்மியம் மிகக் குறைவு. சுவீடனில் விற்ற உரத்தில் காட்மியம் வெகுவாகக் குறைந்தது.

1995-இல் மூன்று நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. பின்லாந்தும் ஆஸ்திரியாவும் அதற்கு முன்பே, 1994-இல், வரியைக் கைவிட்டுவிட்டன. சுவீடன் மட்டும் மேலும் 15 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. அண்டை நாட்டு விவசாயிகளுக்கு இல்லாத சுமை தங்களுக்கு மட்டும் ஏன் என்ற சுவீடன் விவசாயிகளின் குரல் ஓங்கியது. 2010-இல் இரண்டு வரிகளும் நீக்கப்பட்டன.

ஐரோப்பிய ஒன்றியம் பாஸ்பேட் உரங்களில் காட்மியத்திற்கு உச்சவரம்பு கொண்டுவந்தது 2022-இல்தான். அந்த வரம்பு, டன் பாஸ்பரசுக்கு ஏறத்தாழ 137 கிராம். சுவீடன் வரி போடத் தொடங்கியதோ 5 கிராமுக்கு மேல்.