திருக்காவலூரில் ஒரு லத்தீன் இலக்கணம்

இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என அழைத்தவர் அங்கு வாழ்ந்த இத்தாலியத் துறவி வீரமாமுனிவர். ஐரோப்பியத் துறவிகள் பேச்சுத்தமிழைக் கற்பதற்காக அவர் 1728இல் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

அதைப் படித்த ஐரோப்பியர்க்குக் காணுதல், கேட்டல் போன்ற புலனுணர்வு வினைகள் எளிதாக இருந்திருக்க முடியாது. ஒருவன் வருவதைக் கண்டதாகச் சொல்ல, லத்தீன் அவனைச் செயப்படுபொருளாக்கி, வருதலை எச்சமாக நிறுத்தும். ஆங்கிலமும் ‘ஐ சா ஹிம் கம்’ என்றே சொல்லும், அங்கே ‘ஹி’ வந்தால் பிழை. தமிழிலோ, ‘அவன் வருவதைக் கண்டேன்’ என்னும்போது ‘அவன்’ எழுவாயாகவே நிற்க, ‘ஐ’ உருபு ‘வருவது’ என்னும் தொழிற்பெயரில், அதாவது செயலைப் பெயராக்கிய சொல்லில், ஏறுகிறது. ‘அவன் வரக் கண்டேன்’ என எச்சத்தாலும் சொல்லலாம். அப்போதும் ‘அவன்’ உருபேற்பதில்லை என்பதே நுட்பம்.

வீரமாமுனிவரின் மற்றொரு நூலான செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1822இல் சென்னையில் வெளிவந்தது.