தாயைக் கேளாத சட்டம்

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். முறையாக மணம் செய்தவர்களின் பிள்ளைகளைப் பொறுத்தவரை, தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய சட்டமாகவே இது நினைவுகூரப்படுகிறது. அது சரியான நினைவுதான். ஆனால் பாதி நினைவு. ஒரு சமூகத்தை அரசியலுக்கு வெளியே நிறுத்திய அதே வாசகம், பெண்ணைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. இனத் தடை வேறு, பெண்களுக்கான தடை வேறு என்று பிரித்துப் படிப்பதால்தான் மலையகப் பெண்ணின் அரசியல் வரலாறு இரண்டு புத்தகங்களிலும் அடிக்குறிப்பாக நின்றுவிடுகிறது.

இந்தப் பிரிவினை 1948இல் தொடங்கியதல்ல. அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழு 1928இல் வெளியிட்ட அறிக்கை, 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் வாக்களிக்கலாம் என்றது. 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பெண்களின் வாக்குக்காகக் குரல் கொடுத்திருந்தது. முடிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது, 21 என்றாயிற்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது ஆசியாவுக்கே அது புதிது. ஆனால் அதே பேரத்தில் தோட்டத் தொழிலாளரைக் குறிவைத்து நிபந்தனைகள் ஏறின. இலங்கையையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்தும் வேண்டும். அல்லது ஐந்தாண்டு வசிப்பைக் காட்டி, இந்தியத் தொழிலாளருக்கான சிறப்புப் பாதுகாப்புகளைக் கைவிட்டு, நிரந்தரக் குடியிருப்புச் சான்று பெற வேண்டும். சட்டசபை இந்தச் சீர்திருத்தத்தை 1929 டிசம்பரில் 19க்கு 17 என்ற வாக்கில் ஏற்றது. நிபந்தனைகள் இல்லாவிட்டால் அந்த இரண்டு வாக்கு வித்தியாசமும் கிடைத்திருக்காது. கொழும்புப் பெண்ணுக்கு வயதே போதுமானதாக இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, எழுத்தும் சொத்தும் எட்டாத லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறையில், வாக்கு என்பது யாரோ நிரப்பித் தர வேண்டிய படிவமாக இருந்தது.

அத்தனை நிபந்தனைகளையும் தாண்டி 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. அடுத்து நடந்தவற்றுக்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம். 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவர் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. பதிவின் மூலம் பிரஜையாவதற்கு 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டோர் ஒன்றரை லட்சத்தை எட்டவில்லை.

தகப்பன்வழிக் குடியுரிமை அன்று பல நாடுகளில் இருந்த வழக்கம்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் சிங்களக் கிராமத்துக்காரரிடம் பாட்டனின் பிறப்பை நிரூபி என்று எவரும் கேட்கவில்லை. தோட்டத்தில் கேட்டார்கள். பிறப்புப் பதிவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கட்டாயமான நாட்டில், கூலியாக வந்தவரின் பேரனிடம் பாட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எப்படி இருக்கும்? தாயும் தாயின் தாயும் அதே தோட்டத்தில் பிறந்து அதே மலையில் உழைத்திருந்தாலும் அது சாட்சியாகாது. அந்த வழக்கம் எல்லோர்மீதும் ஒரே எடையில் விழவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு பெண்ணுக்குத் தடை போட்டது என்று சொல்வது தகுமா? சிறிமாவோ பண்டாரநாயக்க ஆற்றல் மிக்க தலைவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் வந்த வழி கொலையுண்ட கணவரின் இடம். 1931இல் இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபையின் முதல் பெண் உறுப்பினரான அடலின் மொலமூறே வந்தது இறந்த தந்தையின் தொகுதியில். 1932இல் கொழும்பு வடக்கில் வென்ற நேசம் சரவணமுத்து வந்தது பதவி இழந்த கணவரின் தொகுதியில். குடும்பப் பெயர் இருந்தால் கதவு திறந்தது. லயத்தில் அந்தப் பெயர் யாருக்கு இருந்தது? தவிர, 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையக மக்களைப் பங்கிட்டவரும் அந்தப் பெண் பிரதமரே. அந்த மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. உச்சியில் ஒரு பெண் அமர்ந்ததால் மலைச்சரிவில் நின்ற பெண்ணின் நிலை மாறவில்லை.

சமூகத்துக்குள் இருந்த சுவரையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1930களிலேயே தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டெழுதிப் பாடி அரசியல் பேசினார். ஆனாலும் உழைப்பாளரில் பாதிக்கு மேல் பெண்களாக இருந்த தொழிற்சங்கங்களில் தோட்டத் தலைவர் என்றால் ஆண் என்றே ஆயிற்று. பெண்ணுக்கு மாதர் சங்கம். ஆணுக்குச் சமமான நாட்கூலியே 1984இல்தான் வந்தது.

2003இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை தந்தது. மற்றொன்று, தாய்வழியாகவும் பிள்ளை பிரஜையாகலாம் என்றது. 55 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாகப் போட்ட இரண்டு முடிச்சுகளும் ஒரே ஆண்டில் அவிழ்ந்தன. பிறகு 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 விழுக்காடு ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பரில் பதுளையில் அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் வென்று, நாடாளுமன்றம் சென்ற முதல் மலையகத் தமிழ்ப் பெண்களானார்கள். இன்னமும் தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குடியிருக்கும் வீட்டின் காணி உறுதி கிடையாது. அந்த உறுதிகளை எழுதும் நாளிலாவது, தகப்பன் பெயரோடு நிறுத்திவிடாமல் தாயின் பெயரையும் எழுதுங்கள்.